முள் தானாக ஏறும் ரெகுலேட்டரை விற்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலேயே கொம்புச்சாவும் (புளிக்க வைத்த தேநீர்), புளிக்க வைத்த இஞ்சிச் சோடாவும் போட்டுக்கொண்டிருந்தேன். இனி நேரம் இல்லை என்பதால் சாமான்களை விற்றுவிட நினைக்கிறேன். அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவந்த இரண்டு கேஜ் சிஓ2 ரெகுலேட்டர் ஒன்று, பித்தளை ஸ்பண்டிங் வால்வு (வைத்த அளவைத் தாண்டும் கேஸை வெளியே விடுவது) இரண்டு, அழுத்தத்தோடு புளிக்க வைக்கும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பிரஷர் ஃபெர்மென்டர் ஒன்று, 19 லிட்டர் ஸ்டீல் கெக் (பானம் அடைக்கும் பீப்பாய்) ஒன்று, டெபாசிட் கட்டி எடுத்த சிஓ2 சிலிண்டர் ஒன்று இருக்கின்றன. ரெகுலேட்டரை நம் ஊர் சிலிண்டரில் மாட்ட லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினோம். இராத்திரி வெளி அழுத்தத்தை 12 பிஎஸ்ஐயில் வைத்தால் காலையில் முள் 20-ல் நிற்கிறது. மற்றபடி நன்றாக வேலை செய்கிறது. இதைச் சொல்லாமல் விற்கலாமா? ஸ்பண்டிங் வால்வில் 15 பிஎஸ்ஐ வரை வைத்தும் சோடாவில் சுருசுருப்பே வரவில்லை. வால்வு பழுதா? எல்லாவற்றுக்கும் என்ன விலை சொல்லலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முள் ஏறுவதைச் சொல்லாமல் விற்கக் கூடாது. அது ஆளைக் காயப்படுத்தக்கூடிய பழுது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

25 டிகிரி இருக்கும் காலை நேரத்தில், உள்ளே திரவம் மிச்சமிருக்கும் சிஓ2 சிலிண்டரில் சுமார் 63 பார் அழுத்தம் இருக்கும். பிஎஸ்ஐ கணக்கில் 900-க்கு மேல். உங்கள் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் தாங்குவதோ பெரும்பாலும் 35 பிஎஸ்ஐ. அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் காவல் நிற்பது ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சீட். பித்தளை விளிம்பின் மேல் ஒரு மென்மையான பரப்பு அழுந்தி மூடுகிறது, அவ்வளவுதான். அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும், டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கு சிக்கினாலும் கேஸ் மெல்ல மெல்லக் கசிந்து மறுபக்கம் சேரும். பகலில் கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இது கண்ணில் படாது. இராத்திரி எல்லாம் மூடிக் கிடக்கும்போதுதான் முள் ஏறும். உங்களுக்கு நடப்பது அப்படியே இதுதான்.

ரெகுலேட்டரில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்று தோன்றலாம். அது பெரும்பாலும் 50 பிஎஸ்ஐயைத் தாண்டித்தான் திறக்கும். அது காப்பாற்றுவது ரெகுலேட்டரை; 35 பிஎஸ்ஐ ஃபெர்மென்டரை அல்ல. இன்று 8 பிஎஸ்ஐ ஏறுகிற சீட், வாங்கியவர் வீட்டில் இரண்டு மாதம் கழித்து 40 பிஎஸ்ஐ ஏற்றலாம். பழுதான சீட் தானாகச் சரியாவதில்லை.

ஆனாலும் முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை முறைப்படி சோதித்துவிடுங்கள். ஏனென்றால் முள் ஏறுவதற்குப் பழுதல்லாத காரணங்களும் உண்டு. வெளிவாயை மூடியதும் ஓரிரண்டு பிஎஸ்ஐ ஏறி அங்கேயே நின்றுவிடுவது எல்லா ரெகுலேட்டருக்கும் இயல்பு. அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டர் என்றால், சிலிண்டர் தீரும் கட்டத்தில் உள்வரும் அழுத்தம் இறங்க இறங்க வெளி அழுத்தம் கொஞ்சம் ஏறும். அதனால் சோதனைக்குக் கேஸ் போதுமான அளவு உள்ள சிலிண்டரே வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை கேஜைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் குறையாது. வெயிலுக்குத் தக்கபடிதான் மாறும். தராசில் நிறுத்து, சிலிண்டரின் கழுத்தில் அடித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலையில், நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்யுங்கள். சிஓ2 காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கி சீட்டை உறைய வைத்துவிடும். சித்திரை வெயிலில் மதியம் செய்யவே வேண்டாம். சிஓ2 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது; முழுக்க நிரப்பிய சிலிண்டர் 40 டிகிரியில் 100 பாரைத் தாண்டிவிடும்.

அந்த லேத் அடாப்டரை இந்தச் சோதனைக்கும் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்க ரெகுலேட்டரின் நட்டு 0.825 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஐரோப்பிய வகை 21.8 மில்லிமீட்டர், அதே 14 மரை. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று சேராது. சிறிய ஆண் மரையில் பெரிய நட்டை மாட்டினால் இரண்டு சுற்றுப் பிடித்ததுபோல நின்று, அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு போகும். லேத்தில் கடைந்த அடாப்டர் என்ன பித்தளை, சுவர் எவ்வளவு கனம், எத்தனை பாரில் சோதித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 63 பார் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. விற்பனைச் சாமானிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். கேஸ் உபகரணக் கடைகளில் அழுத்த அளவு முத்திரையிட்ட அடாப்டர் கேட்டு வாங்கலாம். கிடைத்தால் வாங்கிச் சேர்த்து விற்றால் விலையும் கூடும். கிடைக்காவிட்டால் சோதனையை விட்டுவிட்டு, 'அமெரிக்க நட்டு, நம் ஊர் சிலிண்டரில் நேரடியாக மாட்டாது, முள் தானாக ஏறுகிறது' என்று விளம்பரத்தில் எழுதிவிட வேண்டியதுதான். எந்த நட்டானாலும் கையாலேயே நாலைந்து சுற்று லேசாக ஏற வேண்டும், கடைசி இறுக்கத்துக்குத்தான் ஸ்பானர். அந்த இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அங்கே கசிவைத் தடுப்பது வாஷர்தான்; டேப்பின் துணுக்கு நேராக சீட்டுக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் சீட்டே அப்படித்தான் கெட்டிருக்கலாம். பழைய நட்டைக் கழற்றும்போது வெள்ளைத் துணுக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி சோதனை. சரிப்படுத்தும் ஸ்க்ரூவை இடப்பக்கம் தளரும்வரை திருகி விடுங்கள். கேஜ் முகத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். வெளிவாய் மூடியிருக்கட்டும், அதில் ஃபெர்மென்டரோ கெக்கோ எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஸ்க்ரூவை உள்ளே திருகி 12 பிஎஸ்ஐ வையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுக் கலந்த தண்ணீரை நட்டு, கேஜ் அடிப்பகுதி, மூடித் துவாரம் எல்லாவற்றிலும் தடவுங்கள். ஸ்பிரிங் மூடியின் துவாரத்தில் நுரை வந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. நுரை இல்லையென்றால் முள்ளின் இடத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் குறித்துவிட்டு 30 நிமிடம் காத்திருங்கள்.

சிலிண்டரைத் திறந்தே வைத்திருந்து, வெளி அழுத்தம் காட்டும் சின்ன கேஜின் முள் ஏறிக்கொண்டே போனால் சீட் கெட்டதுதான். பிறகு சிலிண்டரை மூடி, ஸ்க்ரூவை அரைச் சுற்று இடப்பக்கம் தளர்த்திவிட்டு இன்னொரு 30 நிமிடம் இரண்டு முள்ளையும் பாருங்கள். சிலிண்டர் அழுத்தம் காட்டும் பெரிய கேஜ் இறங்கி, சின்னது ஏறினால் அதுவும் சீட்தான். பெரியது இறங்க, சின்னது அசையாமல் நின்றால் உள்வாய் வாஷரில் கசிவு. சின்னது இறங்கினால் வெளிப்பக்க இணைப்பில் கசிவு. இந்தக் கடைசி இரண்டும் ஒரு வாஷரிலோ ஒரு கிளாம்பிலோ முடிகிற வேலை.

சீட் கெட்டது உறுதியானால் உங்களுக்கு இரண்டு வழி. அதே கம்பெனியின் ரிப்பேர் கிட் கிடைத்தால் சீட்டும் டயாஃப்ரமும் சேர்த்து மாற்றி, மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்து விற்கலாம். கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் வெல்டிங் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்பவர்களிடம் கொடுப்பதானால், இது குடிக்கும் பானத்துக்கான சிஓ2 என்று சொல்லிக் கொடுங்கள். உள்ளே எண்ணெய், கிரீஸ் எதுவும் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிட் கிடைக்கவில்லை என்றால் வேறு கம்பெனி சீட்டைத் தேய்த்துப் பொருத்தும் வேலை வேண்டாம். 'சீட் பழுது, உதிரிக்கு மட்டும்' என்று எழுதி, பித்தளை எடைக்கும் கேஜ்களுக்குமான விலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிவாய் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்தும் பாருங்கள். கெக்கிலிருந்து கொம்புச்சா பின்னோக்கி ஏறியிருந்தால் உள்ளே பச்சை நிறம் தெரியும். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் மோரை ஊற்றி வைத்தால் களிம்பு ஏறுமே, அதுதான் இங்கேயும். கொம்புச்சாவின் புளிப்பு பித்தளையிலிருந்து செம்பைக் கரைத்து இழுக்கும், கேஸ் கரைந்த தண்ணீரும் அதையே செய்யும். பச்சை இருந்தால் அந்த ரெகுலேட்டரைப் பானத்துக்கு விற்காதீர்கள். இல்லையென்றாலும், ஹோஸ் நடுவில் ஒருவழி வால்வு போட்டுக்கொள்ளும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஸ்பண்டிங் வால்வு. சுருசுருப்பு வராததற்கு வால்வு காரணம் இல்லை, நம் ஊர் வெப்பம்தான் காரணம். கேஸ் குளிர்ந்த திரவத்தில்தான் நன்றாகக் கரையும். ஒரு லிட்டர் பானத்தில் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் கடைச் சோடாவைவிடக் குறைவான, இதமான சுருசுருப்பு இருக்கும். அதற்கு 4 டிகிரி ஃப்ரிட்ஜில் சுமார் 10 பிஎஸ்ஐ போதும். 30 டிகிரி இருக்கும் சமையலறையில் அதே சுருசுருப்புக்கு ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ வேண்டும். உங்கள் ஃபெர்மென்டர் அதைத் தாங்காது. நீங்கள் வைத்த 15 பிஎஸ்ஐக்கு 30 டிகிரியில் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கரையும், குடித்தால் சப்பென்றிருக்கும். குளிர்ந்த நாட்டில் எழுதிய குறிப்பை மதுரையில் அப்படியே பின்பற்றும்போது வருவது இது. வாங்குபவருக்கும் இதே ஏமாற்றம் வரும். வந்தால் வால்வைத்தான் குறை சொல்லுவார். ஆகவே விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: இந்த வால்வு புளிக்கும்போது வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத்தான், சுருசுருப்பு வேண்டுமானால் கெக்கை ஃப்ரிட்ஜில் வைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும்.

ஆனாலும் வால்வைச் சோதிக்காமல் கொடுக்காதீர்கள். இஞ்சி நார், காய்ந்த சர்க்கரைப்பாகு, நுரை இவை மூன்றும்தான் ஸ்பண்டிங் வால்வின் எதிரிகள். நுரை ஏறிச் சீட்டில் காய்ந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வால்வு 15-ல் திறக்காமல் 25 வரை பிடித்து வைத்திருக்கும். முழுவதும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டால் ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட மாட்டீர்கள். வெடித்த, தட்டையாகிப்போன ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) மாற்றுங்கள். தடவுவதற்கு உணவுத்தர சிலிக்கான் கிரீஸ்தான். வாசலினும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிப் போகும்.

கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க லேப் தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபில் பத்து மீட்டர் வாங்குங்கள். வால்வின் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, உள்வாயில் டியூபை மாட்டிக் கிளாம்ப் போடுங்கள். மறுமுனையை மாடிக்குக் கொண்டுபோய், காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். கீழே கேஜ் பக்கத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே உள்ள மட்டம்வரை நேர் உயரத்தை டேப்பால் அளக்க வேண்டும். டியூபின் நீளத்தை அல்ல. ஒரு மீட்டர் தண்ணீர் 1.42 பிஎஸ்ஐ. மூன்றரை மீட்டரில் முள் 5-ல் நிற்க வேண்டும், ஏழு மீட்டரில் 10-ல். ஒரு பிஎஸ்ஐ முன்பின் இருந்தால் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கு மேல் தவறினால் கேஜை மாற்றுங்கள். 0 முதல் 10 பார் வரை உள்ள கேஜைக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று மாட்டிவிடாதீர்கள். 2.5 சதவீதப் பிழை அனுமதித்த கேஜ் என்றால் அது முழு அளவின் 2.5 சதவீதம். 10 பார் கேஜில் அதுவே மூன்றரை பிஎஸ்ஐக்கு மேல் வந்துவிடும். 10 பிஎஸ்ஐ வைக்க அதை நம்ப முடியாது.

கேஜ் சரியென்று தெரிந்த பிறகு திறக்கும் இடத்தைச் சோதியுங்கள். ஸ்டீல் கெக்கில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடி, கேஸ் வாயில் ஸ்பண்டிங் வால்வை மாட்டுங்கள். வால்வை 10 பிஎஸ்ஐக்கு வைத்து, மற்ற வாய் வழியாகச் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். எந்த அளவில் சீறுகிறது, பம்பை நிறுத்தியபின் எந்த அளவில் மூடுகிறது, இரண்டையும் எழுதுங்கள். மூன்று முறை செய்தால் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் திறந்து, ஓரிரண்டு பிஎஸ்ஐ இறங்கியதும் மூட வேண்டும். 5-க்குக் கீழே போயும் மூடவில்லை என்றால் சீட்டில் இன்னும் அழுக்கு இருக்கிறது.

பிளாஸ்டிக் ஃபெர்மென்டரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: அதில் காற்றை ஏற்றிச் சோதிக்காதீர்கள். காற்று அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்கும். உடைந்தால் துண்டுகள் பறக்கும். கம்பெனி சொல்லும் அழுத்தச் சோதனை, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிச் செய்வது. உடம்பில் அச்சிட்ட சோதனைத் தேதி முடிந்திருந்தாலோ, கழுத்துப் பக்கம் வெண்மையான நுண்விரிசல் தெரிந்தாலோ, ஒருமுறையாவது கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாலோ அழுத்தப் பாத்திரமாக விற்காதீர்கள். மூடியில் காற்றுப் போக்கி வைத்து, வினிகர் போடும் சாதாரணத் தொட்டியாகக் கொடுக்கலாம். ஸ்டீல் கெக் அப்படியல்ல. பெரும்பாலானவற்றில் 130 பிஎஸ்ஐ என்று முத்திரை இருக்கும். ஓ-ரிங்குகளை மாற்றி, மூடியின் பாதுகாப்பு வால்வு வளையத்தை இழுத்து விட்டால் மூடுகிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் சாமான்களில் விலை நிற்கப் போவது அந்தக் கெக்குக்குத்தான்.

விலைக்கு என் கணக்கு இது: சோதித்து, எழுதிக் கொடுத்தால் இன்றைய புதுவிலையில் பாதி முதல் அறுபது சதவீதம் வரை கேட்கலாம். கெக்குக்கு எழுபதுவரைகூடக் கேட்கலாம். சோதிக்காத ரெகுலேட்டருக்குப் பித்தளை விலைதான் நியாயம். விளம்பரத்தை இப்படி எழுதுங்கள்: 'ஸ்பண்டிங் வால்வு, பித்தளை, 0–15 பிஎஸ்ஐ கேஜ். கொம்புச்சாவுக்கும் இஞ்சிச் சோடாவுக்கும் பயன்படுத்தியது. ஓ-ரிங் புதியது. 10-க்கு வைத்தால் 10.5-ல் திறக்கிறது, 9-ல் மூடுகிறது. 7 மீட்டர் தண்ணீரில் கேஜ் 10 காட்டியது. சோதித்த தேதி இது.' எண்களை உங்கள் சோதனையிலிருந்து போடுங்கள். இவ்வளவு எழுதியதைப் பார்த்தால் பேரம் பேச வருபவர்களில் பாதிப்பேர் பேசாமல் பணம் கொடுத்துவிடுவார்கள்.

'பீர் போடும் சாதனம்' என்று விளம்பரத்தில் போட்டால் சீக்கிரம் விலைபோகும் என்று யாராவது யோசனை சொல்லலாம். வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதற்கான சாதனம் வைத்திருப்பதும் குற்றம். வருபவர் அந்த நோக்கத்தைச் சொன்னால் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர்கள் ரெகுலேட்டரைக் கேட்பார்கள். சிஓ2 வெல்டிங்குக்கு வேண்டியது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் மீட்டர். உங்களுடையது அழுத்தம் காட்டுவது. தொடர்ந்து ஓடினால் உறையவும் செய்யும். அது அவர்களுக்கு உதவாது என்று சொல்லிவிடுங்கள். ஆக்சிஜனுக்கு என்று கேட்டால் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஆக்சிஜனில் தீப்பிடிக்கும். செடிகளுக்கு சிஓ2 விடும் மீன்தொட்டிக்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்; ஆனால் அவர்களுக்குக் கேஸைத் துளித்துளியாக விடும் ஊசி வால்வு தனியாக வேண்டும். முள் ஏறும் ரெகுலேட்டர் அவர்களுக்குப் போனால் ஒரே இராத்திரியில் மீன்கள் செத்துவிடலாம். சீட் மாற்றியபிறகு மட்டுமே கொடுங்கள்.

வெளியூருக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் பார்சலில் அனுப்புவதானால், சரிப்படுத்தும் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, உள்வாயைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, கேஜ்களைத் தனித்தனியாகத் துணி சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். கெக்கில் அழுத்தம் துளியும் இருக்கக் கூடாது. மூடியைத் திறந்தே வைத்துக் கட்டுங்கள். சிலிண்டரை மட்டும் யாருக்கும் விற்க முடியாது, அது ஏஜென்சியின் சொத்து. டெபாசிட் ரசீதையும் சிலிண்டர் கழுத்தில் உள்ள எண்ணையும் சரிபார்த்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் மறுசோதனை முடியும்வரை அதைத் திருப்ப வேண்டாம்.